சம்பந்தியின் பின்சக்கர வண்டி

என் சம்பந்தி அருணாச்சலத்துக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று பூனாவை ஒட்டின டிகியில் அவர் தெருவே சொல்லும். அவர் பட வேண்டிய பயத்தையெல்லாம் அவருக்காக நான்தான் பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு பேத்தி வந்துவிட்டாள். தூங்கும்போது வாயைக் குவித்துக்கொண்டு எதையோ ருசி பார்க்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே எனக்குப் பொழுது போய்விடுகிறது. அவள் எப்படி எங்களிடம் வந்து சேர்ந்தாள் என்று சொல்ல வேண்டுமானால் அருணாச்சலத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் வேலூர்ப் பக்கம். மீசை முளைத்த வயதில் பூனாவுக்கு ரயிலேறி வந்து, போசரியில் ஒரு கம்பெனியில் கியர் பெட்டி பூட்டும் வேலையில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ரிடையர் ஆனவர். வீட்டிலும் கை சும்மா இருக்காது. எந்தச் சாமானும் கடையில் வாங்கியபடியே அவர் வீட்டில் இருக்காது. டேபிள் பேன் மோட்டார் தையல் மிஷினில் ஓடும். தையல் மிஷின் சக்கரம் வேறு எதிலாவது ஓடும். அவர் சம்சாரம் தர்மாம்பாள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே என்னிடம் சொன்னது:

"வூட்ல இவரு கழட்டாத சாமான் நான் ஒருத்திதான் அண்ணே. நட்டு எங்க இருக்குன்னு இன்னும் கண்டுபுடிக்கல."

நான் அவருக்கு நேர் எதிர். பூனாவிலேயே கட்கியில் தோட்டா பாக்டரியில் வேலை பார்த்தவன். கேட்டில் நுழையும்போதே தீப்பெட்டி இருக்கிறதா என்று சட்டையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே எதையும் மெதுவாகத்தான் தூக்க வேண்டும், மெதுவாகத்தான் வைக்க வேண்டும். அங்கே பழகின பயம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. இப்படிப்பட்ட என் ஒரே மகள் மீனு, அப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகளாகப் போனாள். மாப்பிள்ளை சபரிக்கு மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது. மீனு மாமனார் மாமியாரோடு டிகியில் இருந்தாள்.

அந்த வீடு இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். மலையடியில் ஒரு பள்ளம். பெரிய ரோட்டிலிருந்து செம்மண்ணும் சரளையுமாக ஒரு சந்து சரிந்து இறங்கி அவர் வாசலில் முடியும். வீட்டுக்குப் பின்னால் ஒற்றைச் செங்கல் சுவர், சுவருக்குப் பின்னால் நாலா. வெயில் காலத்தில் அது சாக்கடை, மழைக் காலத்தில் ஆறு. வெளியே போக வேண்டுமானால் மேடு ஏறியே ஆக வேண்டும். வேறு வழி கிடையாது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து மழையில் தர்மாம்பாளுக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. அருணாச்சலம் தன் பழைய மாருதியில் சம்சாரத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாதி மேட்டில் முன்சக்கரம் இரண்டும் சும்மா சுற்றிச் சேற்றை வாரி அடித்தன. வண்டி நகரவில்லை. பிரேக்கை விட்டால் பின்னால் வழுக்கியது. கடைசியில் தர்மாம்பாளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு மேடு ஏறினார்கள். அதே நேரத்தில் பால்காரனுடைய வேன், நின்றால் வழுக்கும் என்று நிற்காமல், கேன்களோடு அவர்களைத் தாண்டி ஏறிப் போனதாம்.

தர்மாம்பாள் பிழைத்து வந்து, பல்லக்கில் போனேன் என்று எல்லாரிடமும் சிரித்துச் சொன்னது. அருணாச்சலம் சிரிக்கவில்லை. அவர் அந்த வேனையே நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். அந்தக் காரில் இன்ஜின் முன்சக்கரத்தைச் சுழற்றுகிறது. மேடு ஏறும்போது கனமெல்லாம் பின்னால் சாய்ந்துவிடும். முன்சக்கரம் லேசாகி, ஈர மண்ணில் பிடிமானம் இல்லாமல் போகும். வேனில் பின்சக்கரம் தள்ளுகிறது. பின்னால் கனம் ஏற ஏறப் பிடி கூடும். அதனால் காரையும் பின்சக்கரத்தில் ஓட வைத்துவிட்டால் போதும். தோசையைத் திருப்பிப் போடுவது போலச் சொன்னார்.

குதள்வாடியில் பழைய இரும்பு விற்கிற பங்கார்க் கடையில் அடிபட்ட வேன் ஒன்று கிடந்தது. அதிலிருந்து இன்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு, பெட்டியையும் அச்சையும் இணைக்கிற நீளத் தண்டு எல்லாவற்றையும் டெம்போவில் போட்டுக் கொண்டுவந்து வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் இறக்கினார். பின் அச்சின் அகலம் காருக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியது. அது வள்ளிமலை முருகன் காட்டிய வழி என்று சொன்னார்.

மாப்பிள்ளை விமானம் ஏறின கையோடு வந்த அந்தத் தீபாவளிக்கு மீனு உண்டாகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவளைப் பார்க்கப் போவேன். போகிற ஒவ்வொரு தடவையும் கார் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். ஒரு நாள் கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் தரை இல்லை. நீளத் தண்டு ஓடுவதற்காக நடுவில் வெட்டி எடுத்திருந்தார். இன்னொரு நாள் அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். பொறி பறந்தது. பெட்ரோல் டாங்க் எங்கே என்று கேட்டேன். சமையல்கட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் தர்மாம்பாள் அடுப்பில் வடை போட்டுக்கொண்டிருந்தது. நான் போய் அந்த டாங்கை இரண்டு கையாலும் தூக்கி, காலி மனையின் கோடியில் கொண்டுபோய் மெதுவாக வைத்துவிட்டு வந்தேன். என் வேட்டி முழுக்க நனைந்திருந்தது. வேர்வையா பெட்ரோலா என்று முகர்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

விஷயம் என்னவென்றால், மீனுவைப் பிரசவத்துக்குக் கட்கிக்கு அழைத்துப் போக வேண்டும். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, மேடு ஏறி நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வளைகாப்பு முடிந்ததும் மருமகள் இந்த வண்டியில்தான் தாய்வீட்டுக்குப் போவாள் என்று அருணாச்சலம் ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார்.

என் சம்சாரம் சரசா என்னைத் தூங்க விடவில்லை.

"போய் வேணாம்னு சொல்லுங்களேன். வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"எப்படி சொல்றது? பொண்ணு குடுத்தவங்க நாம. உங்க வண்டில என் பொண்ணு ஏறமாட்டான்னு சம்பந்தி மொகத்துக்கு நேரா சொல்ல முடியுமா?"

நானே வாடகைக்கு வேன் கொண்டுவருகிறேன் என்று ஒரு தடவை பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் சுண்டிவிட்டது. என் மருமகளை வாடகை வண்டியில் அனுப்புகிற நிலைமைக்கு நான் வந்துவிட்டேனா என்று கேட்டார். பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். ஆர்.டி.ஓ. காகிதத்தில் இருக்கிற வண்டி வேறு, இப்போது நிற்கிற வண்டி வேறு, போலீஸ் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். போலீஸ்காரன் குனிந்து அடியிலா பார்க்கப் போகிறான் என்றார். மீனுவிடம் சொன்னால் அவள் மாமனார் பக்கம். மாமா எனக்காகத்தானேப்பா பண்றாரு என்று முடித்துவிட்டாள்.

வளைகாப்புக்கு முந்தின வாரம் காரைக் கல் அடுக்கி உயர்த்தி நிறுத்தி, கற்பூரம் காட்டி, ஓடவிட்டுக் காட்டினார். பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் விர்ரென்று சுற்றின. தெருவே கைதட்டியது. ஒரு நடை மேடு வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிடுங்களேன் என்றேன். முடியாது என்றார். முதல் முதலாக அந்தச் சக்கரம் மண்ணில் உருளும்போது வயிற்றுப் பிள்ளையோடு மருமகள் உள்ளே இருக்க வேண்டும் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாராம்.

அந்த வேண்டுதலைக் கேட்ட நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வளைகாப்பு ஜூன் மாதத் தொடக்கத்தில் நடந்தது. மீனு கை நிறையக் கண்ணாடி வளையல். மாப்பிள்ளை போனில் இருந்தார். கார் வீட்டை ஒட்டின காலி இடத்தில், பின்சுவருக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நின்றது, மூக்கில் மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அருணாச்சலம் பின் கதவைத் திறந்து, வாம்மா என்று கூப்பிட்டார். மீனு புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தாள்.

அப்போது என் வாயிலிருந்து ஒரு பேச்சு வந்தது. யோசித்துப் பேசியது இல்லை.

"சம்பந்தி, எங்க வழக்கத்துல மொதல்ல பொண்ணோட அப்பன்தான் ஏறி மேடு வரைக்கும் போய் வரணும். அப்புறம்தான் பொண்ணு ஏறலாம்."

சரசா என்னை முறைத்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு வழக்கத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அருணாச்சலம் வேண்டுதல் என்று இழுத்தார். நல்ல வேளையாக தர்மாம்பாள் ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தது.

"பொண்ணு வூட்டு வழக்கத்த நாம மீறக்கூடாது. அண்ணன் ஏறட்டும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில்தான் தெரிந்தது, அதற்கும் என்னைப் போலவே அந்த வண்டி மேல் நம்பிக்கை இல்லை என்று.

நான் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். பெண்களெல்லாம் வண்டிக்கு முன்னால் வாசலோரம் ஒதுங்கி நின்றார்கள். எதிரே உடனே மேடு என்பதால் அருணாச்சலம் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தார். முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டார்.

வண்டி பின்னால் பாய்ந்தது.

வாசலில் நின்ற முகங்கள் எல்லாம் எங்களை விட்டுத் தூரமாகப் போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அடுத்தது ஒரு சத்தம். செங்கல் சுவர் உடைந்து பின் கண்ணாடிக்குள் வந்து விழுந்தது. வண்டி வாலைத் தாழ்த்தி, மூக்கைத் தூக்கி நின்றது. பின்சக்கரம் நாலாவுக்கு மேலே தொங்கியது. கீழே தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. அருணாச்சலம் பிரேக்கை மிதித்த காலை எடுக்கவில்லை. நான் மூச்சு விட்டால்கூட வண்டி சரிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருக்காரர்கள் கயிறு கட்டி இழுக்கும்வரை நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

இறங்கியதும் அவர் பின் கதவைத் திறந்தார். சீட்டு முழுக்கச் செங்கல், கண்ணாடித் தூள். மீனுவுக்காகப் போட்டிருந்த தலையணையில் முழுச் செங்கல் ஒன்று புதைந்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

என்ன நடந்தது என்று அவரே பிறகு கண்டுபிடித்தார். பின் அச்சில் வேனுடைய பழைய தாங்கிகளை முதலில் வெட்டி எடுத்துவிட்டார். அதற்கப்புறம் அது மேலும் கீழும் ஒரே மாதிரி இருந்திருக்கிறது. வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு புதுத் தாங்கிகளைப் பற்ற வைத்தபோது அச்சைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார். எண்ணெய் ஊற்றும் திருகு அடிப்பக்கம் இருந்ததை, எண்ணெய் வடிக்கும் திருகு என்று நினைத்துக்கொண்டாராம். அச்சு தலைகீழானால் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றும். முன்னால் போகிற நாலு கியரும் பின்னால் போகும். கல்லுக்கு மேலே ஓட விட்ட அன்றைக்கு சக்கரம் சுற்றுகிறதா என்றுதான் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

அச்சை வெட்டி, சரியாகத் திருப்பி மாட்டினார். வாசலுக்குள்ளேயே நாலடி முன்னால், நாலடி பின்னால் ஓட்டிப் பார்த்தார். பின் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். பிறகு தார்ப்பாயைப் போர்த்திவிட்டார். பால்காரனிடம் அவரே போய், மீனுவைக் கட்கிக்கு அனுப்ப வெள்ளிக்கிழமைக்கு வேன் பேசிவிட்டு வந்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாராம். தெருவில் எந்த வண்டி கிளம்பும் சத்தம் கேட்டாலும் எழுந்து நிற்பாராம். தெருவே அவரை, மாறிப்போன ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தது.

அந்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் ஆளந்தியிலிருந்து பால்கி என்கிற சாமி பல்லக்கு கிளம்புகிற நாள் வந்துவிட்டது. அதன் கூட வாரி என்று பாத யாத்திரை போகிறவர்கள் டிகி வழியாகத்தான் பூனாவுக்கு நடந்து வருவார்கள். அன்று பெரிய ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். பஸ் இருக்காது என்று நான் முதல் நாளே டிகிக்கு வந்து தங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை மீனுவோடு வேனில் திரும்பலாம் என்று எண்ணம்.

மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மீனு சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அத்தை, இடுப்பு விட்டு விட்டு வலிக்குது. தண்ணியும் போகுது."

நாள் இன்னும் இருந்தது. தர்மாம்பாள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டது. நான் பால்காரனுக்குப் போன் போட்டேன். வேன் போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள், மேல் ரோட்டுக்குக் கொண்டுவாருங்கள், பள்ளத்தில் இறங்க முடியாது என்றார்கள். நாற்காலியில் தூக்கலாம் என்றால் சந்தில் முழங்கால் தண்ணீர் சரளையை உருட்டிக்கொண்டு ஓடுகிறது. தூக்குகிறவன் வழுக்கினால் என் மகள் என்ன ஆவாள்?

கொட்டகைக்குப் போனேன். அருணாச்சலம் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் விஷயம் தெரியும். கை இரண்டும் தொடைக்கடியில்.

"சம்பந்தி, சாவிய எடுங்க."

"என்னால முடியாது. அன்னிக்கி அவ உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அன்னிக்கி உக்காந்தது நான். இன்னிக்கும் நான் உக்காருறேன். எடுங்க."

"மேட்டுல ஓட்டியே பாக்கல சம்பந்தி."

அவருக்குப் பல் அடித்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயம். ஆனால் இரண்டு பேரும் பயந்துகொண்டு அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்க முடியாது. தார்ப்பாயை நானே இழுத்துப் போட்டேன்.

மீனுவைப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். நான் முன்னால் ஏறப்போனேன். அவர் தலையை ஆட்டினார்.

"நீங்களும் பின்னாலயே உக்காருங்க. கனம் பின்னாலதான் வேணும்."

தர்மாம்பாள் அந்தப் பக்கத்துக் கதவால் ஏறியது. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கித் தாழ்ந்தது.

"என் கனத்துக்கு இந்த வூட்ல இப்பத்தான் மரியாதை வந்திருக்கு."

வலியோடு மீனு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சாவியைத் திருகினார். முதல் கியரைப் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் நாலா இருந்தது.

வண்டி முன்னால் நகர்ந்தது.

ஓடிப் போகவில்லை. அடி அடியாக ஏறியது. தண்ணீர் எதிரே வந்து பம்பரில் மோதியது. பாதி மேட்டில், பழைய வண்டி வழக்கமாக நின்றுபோகும் இடத்தில், வால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சரிந்தது. இடப்பக்கம் கல் சுவர். மீனு என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடைந்து என் தோலில் ஏறியது. எனக்கு அது அப்போது தெரியவில்லை. அருணாச்சலம் ஸ்டீரிங்கை வால் போன பக்கமே கொஞ்சம் திருப்பினார், ஆக்சிலேட்டரைத் தளர்த்தவில்லை. பின்சக்கரம் எதையோ கடித்துப் பிடித்தது. எங்கள் மூன்று பேரின் கனத்தையும் தள்ளிக்கொண்டு மேலே ஏறியது. அவர் வாயில் முருகன் பெயர் இல்லை. போ, போ, போ என்று மாட்டுக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மேலே வந்தால் ஆம்புலன்ஸைக் காணோம், கயிறுதான் கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டினவரை ஜனம். தலையில் துளசி மாடம், கையில் தாளம், மழையில் நனைந்த கொடி. போலீஸ்காரர் ஒருத்தர் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். எனக்கு ஆர்.டி.ஓ. ஞாபகம் வந்தது. அவர் குனிந்தார். வண்டிக்கு அடியில் பார்க்கவில்லை, பின்சீட்டைப் பார்த்தார். கயிற்றைத் தூக்கிவிட்டு விசில் ஊதினார். முன்னால் நடந்துகொண்டிருந்த ஒரு வயதான பெண் எங்களைப் பார்த்துவிட்டு, கூட வருகிறவர்களைத் தாயே என்று கூப்பிடுகிற அவர்கள் வழக்கப்படி மாவுலி, மாவுலி, வழி விடுங்கள் என்று மராட்டியில் கத்தியது. அந்தக் கூட்டம் நடுவில் பிளந்து நின்றது. ரோட்டைக் கடந்து போசரிப் பக்கம் இறங்கும்வரை, வண்டி நின்று போய்விடக் கூடாதே, யார் மேலும் ஏறிவிடக் கூடாதே என்று நான் சக்கரங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போசரியில் முதலில் கண்ணில் பட்ட நர்சிங் ஹோமில் மீனுவை உள்ளே கொண்டுபோனார்கள். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா தர்மாம்பாளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நேரத்துக்கு முன்னால் நாலாவின் மேல் தொங்கியதெல்லாம் ஒன்றுமே இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நர்ஸ் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். சிவப்பாக, கோபமாக, தலை நிறைய முடியோடு ஒரு பெண் குழந்தை. மீனுவுக்கும் ஒன்றும் இல்லை. குழந்தையைத் தர்மாம்பாளிடம் கொடுத்துவிட்டு நான் அருணாச்சலத்தைத் தேடினேன். உள்ளே எங்கும் இல்லை.

வாசலில் கார் நின்றது. அவர் இன்னும் டிரைவர் சீட்டில்தான் இருந்தார். எங்களை இறக்கிவிட்ட பிறகு எழுந்திருக்கவே இல்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி. நான் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தேன்.

"பேத்தி, சம்பந்தி."

"மீனு?"

"நல்லா இருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவர் தலையை ஆட்டினார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்படியே நெற்றியை ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். நெற்றி ஹார்ன் மேல் இருந்தது. ஹார்ன் நிற்காமல் அலறியது. அவருக்கு அது கேட்கவே இல்லை. வாட்ச்மேன் குச்சியை ஆட்டிக்கொண்டு திட்டிக்கொண்டே ஓடிவந்தான். மேலே ஜன்னல்கள் திறந்தன. நான் வாட்ச்மேனைத் தடுத்து நிறுத்தி, கையில் வேறொன்றும் இல்லாததால் என் தோள் துண்டையே இனாமாக அவன் கையில் கொடுத்து, தாத்தா ஆகியிருக்கிறார், ஒரு நிமிஷம் பொறு என்றேன்.